முதல் பக்கம் போதும்

ஒரு முன்மொழிவைக் கொல்ல சலீமாவுக்கு ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் போதும். முல்லா வீதியில் அவள் வீட்டு மாடியறையில் காலை ஒன்பது மணிக்குக் காகிதக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தால், பதினோரு மணிக்குள் பத்துப் பன்னிரண்டு பேரின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டு, மீன் குழம்புக்குப் புளி ஊறவைக்க எழுந்துவிடுவாள். அதில் அவளுக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. உண்மையைச் சொல்லப்போனால் கொஞ்சம் பசி எடுக்கும்.

கொக்கி என்பது ஒரு கம்ப்யூட்டர் நிரல்மொழி. பதினைந்து வருடத்துக்கு முன்னால் முத்தியால்பேட்டையில், கிரைண்டர் பழுது பார்க்கும் கடையின் மாடியில் உட்கார்ந்து ஆசிப் என்கிறவன் உருவாக்கியது. பெரிய கம்பெனிக்காரர்கள் அதைச் சீந்த மாட்டார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கூடம், ஐஸ் பேக்டரி, கூட்டுறவுக் கடை, விதைக் கிடங்கு என்று சின்ன சின்ன இடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நிரல் எழுதுகிறவர்கள், மொழியில் புதிதாக ஒரு குறியோ சொல்லோ வாக்கிய அமைப்போ வேண்டுமென்றால் முன்மொழிவு எழுதி அனுப்பலாம். ஆசிப், நிர்மலாதேவி, சலீமா என்று மூன்று பேர் கொண்ட குழு அவற்றைப் பிரித்துக்கொண்டு படிக்கும். யார் கட்டில் வந்ததோ அவர் சொல்வதுதான் முடிவு.

அனுப்புகிறவர்களின் லட்சணத்தைச் சொல்லி மாளாது. ஒருவன் போன வாரம்தான் வேறொரு மொழி கற்றுக்கொண்டிருப்பான். கொக்கியும் அதே மாதிரி இருந்தால் என்ன என்று கேட்பான். இன்னொருவன் இரண்டு எழுத்துத் தட்டுவதை மிச்சம் பிடிக்க நாற்பது பக்கம் எழுதியிருப்பான். நிரலின் ஒவ்வொரு வரியும் ஒரு சிரித்த முகத்தோடு முடிந்தால் வேலை செய்கிறவர்களுக்கு உற்சாகம் வரும் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர், ஆமாம், பேராசிரியர், புள்ளிவிவரத்தோடு எழுதியிருந்தார். 'உற்சாகம் வேண்டுமானால் கடற்கரைக்குப் போகவும்' என்று சலீமா குறிப்பு எழுதினாள். இணையத்தில் வெளியாகும் அந்தக் குறிப்புகளைப் படித்துச் சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள்.

அவளுடைய ரகசியம், ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது, முதல் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை என்பதுதான். முதல் பக்கத்திலேயே ஆளின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு மிச்சத்தை எதற்குப் படிக்க வேண்டும்?

ஆனால் ஒவ்வொரு குறிப்பின் கீழும் 'முழுவதும் படித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்ததே அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் குழுவில் மதிவாணன் என்று ஒருவர் இருந்தார். தங்கமான மனிதர், எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார். அவர் ஏற்ற ஒரு முன்மொழிவைக் கையில் எடுத்து, "ஏழாம் பக்கத்துல என்னா இருக்கு, சொல்லுங்க" என்று சலீமா கேட்டாள். மதிவாணன் கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்கே புது விதி எழுதப்பட்டது: படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் குழுவில் இருக்க முடியாது. அவர் யாரிடமும் சண்டை போடாமல் எழுந்து போனார். நல்லவேளை தொலைந்தார் என்று சலீமா அப்போது நினைத்தாள், சொல்லவும் சொன்னாள்.

இந்த வருடம் அவள் கொஞ்சம் படபடப்பாக இருந்தாள். ஐந்தாம் பதிப்பு வெளிவரப் போகிறது. அதற்குப் பிறகு நான்கு வருடம் யாரும் மொழியின் இலக்கணத்தில் கை வைக்கக் கூடாது. குழுவுக்கு வந்த அறுபத்தைந்து முன்மொழிவுகளில் அறுபத்தொன்றாவது அவளுடையது.

குழுவில் இருக்கிறவர்களும் அனுப்பலாம், தடையில்லை. செயலாளர் தேவதாஸ் பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருடம் காகிதம் மடித்தவர். இன்றைக்கும் எல்லாம் அச்சடித்துத் தபாலில் வர வேண்டும், பெயர் தனி உறையில் ஒட்டி வர வேண்டும் என்பார். முடிவு சொன்ன பிறகுதான் உறையைப் பிரிப்பார். அதனால் அறுபத்தொன்று யாருடையது என்று அவருக்கும் தெரியாது. சலீமா தன்னுடையதைத் தெரியாத கடையில் அச்சடித்து, தலைமைத் தபாலாபீசில் போட்டுவிட்டு வந்தாள். வரவுப் பட்டியலில் தலைப்பைப் பார்த்துத்தான் எண் அறுபத்தொன்று என்று தெரிந்துகொண்டாள். அது தன் கட்டில் வரவில்லை என்று பார்த்ததும் அவளுக்கு நிம்மதி. தானே மதிப்பிடும்படி வந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும், அடுத்த பதிப்புக்குத்தான் போகும். ஆசிப்பிடமோ நிர்மலாதேவியிடமோ போயிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டாள்.

அதில் அவள் கேட்டது சின்ன விஷயம். கொக்கியில் ஒரு இடத்தில் எண் வரவில்லையென்றால் மொழி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். 'இன்னும் தெரியாது' என்று சொல்ல ஒரு குறி வேண்டும். அந்தக் குறி இருக்கிற கணக்கு விடை சொல்லாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி, பெயர் செல்வாம்பாள். நகரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்துக்கு சலீமா எழுதிக் கொடுத்த நிரல், மூன்று நாள் சர்க்கரை அளவைக் கூட்டிச் சராசரி போடும். முதல் நாள் இருநூற்றுப் பத்து. இரண்டாம் நாள் இருநூற்று நான்கு. மூன்றாம் நாள் ரத்தம் எடுக்கவே இல்லை. மொழி அதைப் பூஜ்யமாக்கி, மூன்றால் வகுத்து, நூற்று முப்பத்தெட்டு என்று அச்சடித்தது. பூஜ்யம் என்று அச்சாகியிருந்தால் யாராவது சிரித்துத் திருத்தியிருப்பார்கள். நூற்று முப்பத்தெட்டைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? சர்க்கரை அடங்கிவிட்டது என்று மாத்திரையைப் பாதியாக்கினார்கள். காலில் ஏற்கெனவே புண் இருந்தது. கொஞ்ச நாளில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்தபோது சலீமா ஒரு கிலோ சாத்துக்குடியோடு வார்டு வாசல்வரை போனாள். பையை ஒரு நர்சிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். யார் கொடுத்ததென்று சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் அழுதாள். அதுவும் யாருக்கும் தெரியாது.

இப்படி ஒன்றை நெஞ்சில் வைத்திருக்கிறவள் மற்றவர்களிடம் கொஞ்சம் இரக்கமாக இருப்பாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு சலீமாவைத் தெரியாது. அவள் முன்னைவிடக் கடுமையானாள். தன் கட்டில் முப்பத்தெட்டாவதை எடுத்தபோது முதல் வரியிலேயே அவள் முகம் சுளித்தாள்.

'நாங்க வைத்திக்குப்பத்துல மீன் பெட்டிக்கு ஐஸ் போட்டு அனுப்பறவங்க' என்று ஆரம்பித்தது அது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான். எடை போடாத பெட்டியை நிரல் பூஜ்யம் கிலோ என்று எடுத்துக்கொள்கிறதாம், சராசரி இறங்கிவிடுகிறதாம், படகுக்காரர்கள் இவனைத் திருடன் என்கிறார்களாம். அதனால் எடை தெரியாத இடத்தில் இரண்டு கேள்விக்குறி போட அனுமதிக்க வேண்டுமாம். எடுத்துக்காட்டு நிரலில் பத்து வரிக்கு எட்டு வரி கேள்விக்குறி. யாரோ திருட்டு முழி முழிப்பது போல இருந்தது.

தான் கேட்பதும் ஏறக்குறைய இதுதான் என்று சலீமாவுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. அவள் ஆறு மாதம் யோசித்து, எந்தெந்த இடத்தில் குறி செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று அட்டவணை போட்டுக் கேட்டதை இவன் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான். இந்தக் கந்தலைப் பார்த்துவிட்டு நல்ல சேலையையும் யாராவது மூட்டையில் போட்டுவிட்டால்? முதலில் இதைக் குப்பையில் போடுவதுதான் தன்னுடையதற்குப் பாதுகாப்பு என்று அவள் நினைத்தாள். பேனாவைத் திறந்தாள்.

'இது முன்மொழிவு அல்ல, ஏலத்தில் கேட்ட சண்டை. எடை போடாத பெட்டியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தெரியாதவர் நிரல் எழுத வர வேண்டாம். சரிபார்ப்பது நிரல் எழுதுகிறவரின் வேலை. மறக்கிறவர்களுக்காக மொழியை வளைக்க முடியாது. முழுவதும் படித்தேன்.' கையெழுத்து. டீ இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு முத்தியால்பேட்டை மாடியில் கூட்டம். கீழே கடையில் ஒரு கிரைண்டரை ஓட்டி ஓட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஆசிப் சமோசா வாங்கி வைத்திருந்தான். மொழியைக் கண்டுபிடித்தவன் என்று எவ்வளவோ பேர் அவனை மெச்சினாலும், சலீமாவுக்கு அவன் ஒரு இளகின மனசுக்காரன், அவ்வளவுதான். நிர்மலாதேவி வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இளம்பெண், ஒவ்வொரு முன்மொழிவுக்கும் இரண்டு பக்கம் குறிப்பெடுத்திருந்தாள். பாவம், வேறு வேலையில்லை போலிருக்கிறது என்று சலீமா நினைத்தாள்.

ஆசிப் தன் கட்டைச் சொன்னான். நிர்மலாதேவி தன் கட்டைச் சொன்னாள். அறுபதைச் சொன்னாள், அறுபத்திரண்டைச் சொன்னாள். அறுபத்தொன்றைச் சொல்லவில்லை. சலீமாவின் கையில் சமோசா அப்படியே நின்றது. தவறிப் போயிருக்குமோ? தபாலில் தொலைந்திருக்குமோ? கேட்க வாயெடுத்தாள், கேட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அவள் முறை வந்தது. மளமளவென்று படித்தாள். முப்பத்தெட்டுக்கு வந்து, 'ஏலத்தில் கேட்ட சண்டை' என்றபோது ஆசிப்பே சிரித்துவிட்டான். 'மறக்கிறவர்களுக்காக மொழியை வளைக்க முடியாது' என்று அவள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மறுக்கப்பட்ட ஒவ்வொரு முன்மொழிவின் கடைசிப் பத்தியையும் ஆசிப் சத்தமாகப் படிப்பான். யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார், அவர் கடைசியாகச் சொன்னது ஒரு தடவையாவது இந்த அறையில் கேட்கட்டும் என்பான். சலீமாவுக்கு இதைப் போல எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை. அந்த நேரத்தில் அவள் போனைப் பார்ப்பாள். இன்றைக்கும் பார்த்தாள்.

ஆசிப் முப்பத்தெட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

"'சராசரி எடுக்கும் நிரலில் நாற்பத்தொரு இடங்களில் நான் சரிபார்க்க வேண்டியிருந்தது. நாற்பது இடங்களில் சரிபார்த்தேன். ஒன்றை மறந்தேன். இருபத்திரண்டு வருடமாக நிரல் எழுதுகிறேன். என்னை யாரும் கவனமில்லாதவர் என்று சொன்னதில்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டு கால்விரல்கள் போயின. மிகவும் கவனமானவருக்கும் ஒரு நாள் மறக்கும். மொழி மறக்காது. அதனால்தான் கேட்கிறேன்.'"

போன் சலீமாவின் மடியில் விழுந்தது. அவளுடைய வரிகள். ஒரு எழுத்து மாறவில்லை. ஆசிப் இளகின குரலில் படித்தது அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

கீழே கிரைண்டர் நின்றிருந்தது. நிர்மலாதேவிதான் முதலில் பேசினாள். "மேடம், நீங்க எழுதனதுக்கு அவங்க முன்னாடியே பதில் சொல்லிட்டாங்களே. மறந்தவங்க கவனமில்லாதவங்க இல்லன்னு. இதப் படிச்சப்பறமும் எப்படி மேடம் அப்டி எழுதனீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே புரியவில்லை.

சலீமா தேவதாஸ் பக்கம் திரும்பினாள். "மிசியே, இது ரெண்டு பேரு எழுதன மாதிரி இருக்கே."

"ரெண்டு பேருதான் மதாம்" என்றார் தேவதாஸ். "முப்பத்தெட்டும் அறுபத்தொண்ணும். ரெண்டும் ஒண்ணையேதான் கேக்குது. வழக்கப்படி ஒண்ணாச் சேர்த்துத் தெச்சுட்டேன். மொதல்ல வந்தது முன்னால, அப்பறம் வந்தது பின்னால. வாரக் கடுதாசில ரெண்டு தபா போட்டிருந்தேனே."

தேவதாஸின் வாரக் கடுதாசியை சலீமா மூன்று வருடமாகப் பிரித்ததில்லை. கிழவனுக்குப் பொழுது போகவில்லை, எழுதுகிறான் என்று விட்டுவிட்டாள்.

"சரி, ப்ரோசே வெர்பால் எழுதிடலாமா?" என்று தேவதாஸ் கூட்டக் குறிப்பேட்டை விரித்தார். அதில் கையெழுத்தாகிவிட்டால் முடிவை யாராலும் மாற்ற முடியாது. நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் எத்தனை பரிசோதனைக்கூடத்தில் எத்தனை பேர் நாற்பத்தொன்றில் ஒன்றை மறப்பார்கள் என்று சலீமாவின் தலை தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது.

கையெழுத்தாகும்வரை மாற்ற வழி உண்டு. மறுத்தவரே மறுப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் 'மனசு மாறிவிட்டது' என்று சொல்லித் திரும்பப் பெற முடியாது. சமோசா தின்றதும் எல்லாருக்கும் மனசு மாறும் என்று சொல்லி அந்த வழியை அடைத்ததும் அவள்தான். மிச்சம் இரண்டே காரணம். இது என்னுடைய முன்மொழிவு என்று சொல்லலாம். அப்போது அது அடுத்த பதிப்புக்குத் தள்ளிப் போகும், அதாவது நான்கு வருடம். இல்லையென்றால் நான் முழுவதும் படிக்கவில்லை என்று சொல்லலாம். அப்போது மற்ற இருவரும் இங்கேயே படித்து முடிவு சொல்வார்கள். சொன்னவர் எழுந்து போக வேண்டும்.

மதிவாணன் கண்ணாடியைத் துடைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த மனிதர் எல்லாரையும் நல்லவர்கள் என்று நம்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவளோ எல்லாரையும் முட்டாள் என்று நம்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். எது மோசம்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மூன்று பேர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள்.

"எழுதாதீங்க மிசியே" என்றாள். "மறுப்பத் திரும்ப வாங்கறேன்."

"காரணம், மதாம்?"

"மொதல் பக்கத்தோட நிறுத்திட்டேன்."

ஆசிப் நிமிர்ந்தான். "சலீமாக்கா, வெளாடாதீங்க. உங்களுக்குத் தெரியாதா, இதச் சொன்னா..."

"நான் எழுதன விதி எனக்குத் தெரியாதா தம்பி? பேப்பரக் குடு."

அவள் எழுதினாள். 'முப்பத்தெட்டின் முதல் பக்கத்தை மட்டும் படித்தேன். முழுவதும் படித்தேன் என்று எழுதியது பொய்.' கையெழுத்துப் போட்டாள். இதுவும் நாளைக் காலை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வரும். அவளுடைய குறிப்புகளைப் படித்துச் சிரிக்கிற கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடைக்காது. சிரிக்கட்டும். நல்லாச் சிரிக்கட்டும்.

ஆசிப்பும் நிர்மலாதேவியும் ஒரே கட்டைப் பக்கம் பக்கமாகக் கைமாற்றிப் படித்தார்கள். அரை மணி நேரம் ஆனது. சலீமா ஜன்னல் ஓரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்மலாதேவி அட்டவணைப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். "இத எழுதனவங்க பிரமாதம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். குறி மட்டும் வழக்கப்படி முதலில் வந்தவருடையது. அதாவது இரண்டு கேள்விக்குறி.

தேவதாஸ் முதல் உறையைப் பிரித்தார். "வடிவேல். வைத்திக்குப்பம், ஐஸ் பேக்டரி." மொழியின் புத்தகத்தில் அது வடிவேல் குறி என்று ஏறும். பெரிய பெரிய புரோகிராமர்கள் எல்லாம் இனி வடிவேலை அழைத்துத்தான் சர்க்கரை பார்க்க வேண்டும்.

"ரெண்டாவது உறைய என்னா பண்றது?" என்று தேவதாஸ் கேட்டார். "சேர்த்துத் தெச்சதுல பின்னால வந்தவங்க பேரு புஸ்தகத்துல ஏறாது. ஆனா தெரிஞ்சுக்க ஆசப்பட்டா பிரிக்கலாம்."

"பிரிங்க சார்" என்றாள் நிர்மலாதேவி. "அவங்களுக்கு நான் ஒரு கடுதாசி எழுதணும்."

அந்தப் பெயர் வெளியே வந்தால் எல்லாமே அடுத்த பதிப்புக்குத் தள்ளிப் போகும். சலீமா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மேசைக்கு வந்து, தேவதாஸின் விரலுக்கடியிலிருந்து அந்த உறையை உருவினாள். யாரும் தடுப்பதற்குள் இரண்டாக, நாலாகக் கிழித்தாள்.

"நாப்பத்தொண்ணுல ஒண்ண மறந்த ஆளு" என்றாள். "அதோட பேரு எதுக்கு உங்களுக்கு?"

"மேடம், என்னா மேடம் இப்டி" என்று நிர்மலாதேவி எழுந்தே விட்டாள். அவள் கண்ணில் வெறுப்பு தெரிந்தது. போகிற நேரத்தில்கூட இந்தப் பொம்பளைக்கு ஈரமில்லை என்கிற வெறுப்பு. அது நியாயமான வெறுப்புதான் என்று சலீமாவுக்குப் பட்டது. இந்தப் பெண் இருக்கிறவரை குழு உருப்படும்.

கிழித்ததை அவள் மேசையில் போடவில்லை. கீழே தொட்டியில் போட்டுக்கொள்கிறேன் என்று பைக்குள் திணித்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி ஆசிப்பைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு கேள்விக்குறி இன்னும் அசிங்கமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.